அம்மாவுக்கு எதற்கு ‘நீங்கள்’?

தென்காசி

அன்பு மகள் சுஜிதாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் சுகத்துக்கு உலகம்மன் துணை. இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனை எடுக்காதவள் வாட்ஸ்அப்பையாவது பார்ப்பாய் என்று இதை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இங்கே மழை விடவில்லை. குற்றாலத்தில் மெயின் அருவி பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுவதால் குளிக்கத் தடை, எனக்கு அங்கேதான் பந்தோபஸ்து டூட்டி. நேற்று ஒருவன் என் கண் முன்னாலேயே தடுப்புக் கம்பியைத் தாண்டினான், வழக்கமாக ஊரே கேட்கும்படி ஏசியிருப்பேன், பக்கத்தில் இருந்தவர்கள்தான் அவனைப் பிடித்து இழுத்தார்கள். என் புத்தி நீ இருக்கிற ஜெர்மனியில் இருந்தது.

முதல் வகுப்பு எடுத்த அன்று நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தும்போது “அவன் வருதான்” என்று வாயில் வந்துவிட்டதாம், புத்தகத்தில் வருகிறான் என்று இருக்கிறதே, இது தப்பா என்று ஒரு பையன் கேட்டானாம், உனக்கு மேலே இருக்கிற பேராசிரியரும் இனிமேல் புத்தகப்படியே பேசச் சொன்னாராம். நானும் சிரித்தேன். சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேலே படிக்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும், இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் “நலமாக இருக்கிறேன் அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா” என்று கேட்டிருக்கிறாய். வாய் முளைத்த நாள் முதல் அவளை நீ, வா, போ என்று பேசியவள் நீ. அவள் ஓடி வந்து, “எம்புள்ள என்னைய ‘நீங்க’ங்கா, பக்கத்துல எவனும் நின்னு மெரட்டுதானா, போலீசுன்னு எதுக்கு இருக்கீய, என்னன்னு கேளுங்க” என்று அழுதாள். எனக்கும் போலீஸ் புத்திதானே, யாரோ உன்னை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றே ஒரு நிமிடம் நினைத்தேன்.

போனை வாங்கி நான் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான், “வாயத் தொறந்தாலே தப்பா வருதுப்பா, வகுப்புக்குப் போக முந்தி ஒவ்வொரு வரியையும் எழுதி மனப்பாடம் பண்ணுதேன், சாப்பிடக்கூடத் தோணல” என்றாய். அதோடு வைத்தவள்தான், இன்றுவரை எடுக்கவில்லை. மகளே, எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பி வந்துவிடு என்று எழுதினேன், அடித்தேன். வராதே, சமாளி என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மேலே பார், மையாகக் கிடக்கிறது. நானே புறப்பட்டு வரலாம் என்றால், ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போன எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. இப்போது விண்ணப்பித்திருக்கிறேன். விசாரணைக்கு வரப்போகிறவன் நம்ம ஏட்டு சுபாஷ். “அண்ணாச்சி, ஒங்க மேல கேஸு எதுவும் உண்டுமா” என்று கேலி பண்ணுகிறான், சிரிக்கத் தெம்பில்லை.

வகுப்பில் புத்தகத் தமிழே பேசு, அது உத்தியோகம். எஃப்.ஐ.ஆர். எழுதிய கையால் நானும் இப்படித்தானே எழுதுகிறேன். அதற்காகக் காக்கியைப் போட்டுக்கொண்டா தூங்குகிறேன்? வீட்டுக்கு வந்தால் கழற்றி மாட்டிவிட வேண்டும். நீ பேசுவது தப்பு என்றால் நானும் உன் அம்மாவும் தப்பு, கடையம் முதல் சிவகிரி வரை எல்லோரும் தப்பு. பட்டினி கிடக்காதே, சோற்றில் தயிராவது ஊற்றிச் சாப்பிடு.

இன்று டூட்டி முடிந்து வந்தபோது அடுப்படியில் அம்மா யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தனியாக நிற்கிறாள். “நான் நலமாக இருக்கிறேன் மகளே, நீ நலமா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். என்னட்டி இது என்றேன். “வெளிநாட்டுல பாடம் நடத்துத புள்ள, நான் பேசுதது அவளுக்குக் கேவலமா இருக்கோ என்னமோ, அதான் பழகுதேன்” என்றாள்.

உலகம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், திடமாக இரு. வருவதா இருப்பதா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். அவள் பழகி முடிப்பதற்குள் போன் பண்ணி, “ஏம்மா, நீ சாப்பிட்டியா” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிடு.

உன் அப்பா,
மகாராஜா