வகுபடாத எட்டு இலக்கம்

அன்புக் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவும்தான், இந்தத் தடவை அதை உன் மனசைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்ற பிறகு வீடு எப்படி இருந்தது என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ரயில் நிலையத்தில் ஊருக்கே அறிவிப்புச் சொன்ன மனுஷர், தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்டினார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் படங்களைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வண்டி எண் சொல்லிப் பழகின வாய்தானே, எண்ணைக் கொடுத்துப் பாரும்மா என்று உனக்குத்தான் தோன்றியது. நீ சொன்ன 73939133ஐப் பெரிதாக எழுதிக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். அது பகா எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது, வலது கோடியிலிருந்து ஒவ்வொரு இலக்கமாக எடுத்துக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவது பகா எண்தான், இந்த ரகத்தில் இதைவிடப் பெரிய எண் கிடையாது என்று நீ சொன்னதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். உன் அத்தை நம்பவில்லை. ஏழால் வகுத்தாள், இரண்டு மிஞ்சியது. பதின்மூன்றால் வகுத்தாள், எட்டு மிஞ்சியது. "யாருக்கும் மசியமாட்டேங்குது, அசல் எங்க அண்ணன்தான்" என்றாள். அப்பா கோணல் வாயோடு சிரித்தார்.

நேற்றுப் பயிற்சி அறையில் அந்தப் பெண் படங்களை எடுப்பதற்குள் அவராகவே ஆரம்பித்துவிட்டார். ஏழு, மூன்று, ஒன்பது, மூன்று என்று நிதானமாக, அதே அறிவிப்புக் குரல். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கி, வெறும் ஏழில் வந்து நின்றார். "இதுல என்ன விசேஷம் சார்?" என்று அவள் கேட்டாள். அப்பாவுக்கு முகம் சிவந்து வியர்த்துவிட்டது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அவள் என் கையை அழுத்தினாள். "எம்... பொண்ணு... சொன்னா" என்றார் அப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வகு...படாது" என்றார். இத்தனை நாளில் எண்ணில்லாமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவைதான், கண்ணு. வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் என் மகள் கணக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்காமலே சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் படிப்பு சோறு போடுமா என்று உன்னைக் கேட்ட அத்தையே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூட எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கொடுக்கச் சொல். இன்று காலையில் அந்த எண்ணின் இடது கோடியைக் கையால் மறைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம்... எடுத்தா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, உன்னிடமே கேட்கட்டும்.

பெருமையோடு,
உன் அம்மா