வாடகை அண்ணன்

மார்ச் 12, வியாழன்

கிளினிக்கில் இன்று காது சோதனைக்கு ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, சத்தம் கேட்டால் மட்டும் அமுக்குங்கள் என்று சொன்னேன். நான் சத்தமே அனுப்பாதபோதும் டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தார். வெளியே வந்து, எல்லாம் சரியாகச் சொன்னேனா என்று கேட்டார். பாவம். பாதிப் பேர் இப்படித்தான். கேட்காததைவிட, கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.

மத்தியானம் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! செவித்திறன் மேற்படிப்பு, அதுவும் வெளிநாட்டில், அண்ணன் இருக்கிற அதே நகரத்தில். கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அறைக்கு இப்படியும் ஒரு பயன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பழைய பிரச்சினை. மாடியில் அம்மா, கீழே பெரியம்மா. யாரிடம் முதலில் சொன்னாலும் இன்னொருவர் முகம் மூன்று முழத்துக்கு நீளும். படிக்கட்டு நடுவில் நின்று இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

மார்ச் 14, சனி

விசா ஏஜென்டைப் பார்த்தேன். மின்விசிறி ஓடாத அறையில் கழுத்தை இறுக்கி டை கட்டியிருக்கிறார். இனி இவர் டைக்காரர்.

அவர் கேட்கக் கேட்க நான் சொல்ல, கம்ப்யூட்டரில் ஏற்றினார். கூடப் பிறந்தவர்கள்? இல்லை. அந்த நாட்டில் நெருங்கிய உறவு? அண்ணன் இருக்கிறான் என்றேன். டைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பதானம்மா கூடப் பொறந்தவங்க இல்லன்னீங்க?"

"பெரியப்பா பையன் சார்."

"அப்ப அது அண்ணன் இல்ல. கசின். இந்தக் கட்டத்துல பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, கட்டிக்கிட்டவங்க மட்டும்தான்."

இல்லை என்று டிக் அடித்தார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அப்பா இறந்துபோனபோது எனக்கு நடக்கக்கூடத் தெரியாது. அம்மாவுக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவாள். என்னைக் குளிப்பாட்டியது, ஜடை பின்னியது, அம்மை போட்டபோது பக்கத்திலேயே படுத்தது எல்லாம் பெரியம்மா. பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அண்ணன். வழியில் யாராவது "சொந்தத் தங்கச்சியா?" என்று கேட்டால், "பின்ன, வாடகைத் தங்கச்சியா?" என்பான். அந்த வயதிலேயே அந்த வாய். இப்போது அங்கே லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான். வாய் மட்டும் ரிப்பேர் ஆகவில்லை.

ஏப்ரல் 8, புதன்

நேர்காணல் முடிந்தது. எழுதவே கை வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, நடுவில் மைக். எங்கள் கிளினிக் மாதிரியேதான். என்ன படிக்கப் போகிறாய், முடித்துவிட்டு என்ன செய்வாய் எல்லாம் நன்றாகவே சொன்னேன். எங்கே தங்குவாய் என்றார். அண்ணன் வீட்டில் என்றேன். வாயில் சனி. பிரதர் என்று சொன்னேன், வேறு எப்படிச் சொல்வேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். படிவத்தில் சகோதரர் யாரும் இல்லை என்றிருக்கிறதே என்றார். எனக்குக் காதில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. பிறகு கேட்டார், "ஓன் பிரதரா?"

சொந்த அண்ணனா?

கசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுது. ஒரே ஒரு வார்த்தை. ஆனா அந்தக் கேள்விக்கு எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஒரே பதில்தான் தெரியும். "யெஸ் சார், ஓன் பிரதர்"ன்னேன். அதுவும் கொஞ்சம் ரோஷத்தோட.

அந்த பேங்க் மேனேஜரைப் பார்த்துப் பாவம் என்று எழுதினேன் அல்லவா. நானும் கேட்காமலே பட்டனை அமுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

மறுத்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் சொன்னதும் நேரில் சொன்னதும் முரண்படுகின்றனவாம்.

ஏப்ரல் 25, சனி

டைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு எடுத்துவிட்டார். மறுபடி போடலாம், ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் வழக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்கிறார். இரண்டு பேருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அண்ணன் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்ப வேண்டும். பெரியம்மா ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணனைப் பெற்ற தாய் எழுதினால்தான் எடுபடுமாம். கல்லூரியில் ஜூன் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குள் விசா வராவிட்டால் அவ்வளவுதான்.

மாதிரியை அவரே தட்டிக் கொடுத்தார். "மேற்படி பெண் என் மகள் அல்ல. என் மகனுக்குச் சகோதரியும் அல்ல."

பையில் வைத்திருக்கிறேன். இதை எப்படி அவளிடம் நீட்டுவேன்?

ஏப்ரல் 26, ஞாயிறு

நீட்டினேன்.

பெரியம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். பேப்பரைத் துணிகளோடு சேர்த்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"உன் அப்பா போனப்ப என் கூடப் பொறந்தவங்களே கேட்டாங்க, உனக்கு எதுக்குடி அடுத்தவ புள்ளைன்னு. அவங்க வாசப்படி மிதிக்கிறதையே விட்டேன். இப்ப நானே எழுதிக் குடுக்கணுமா?"

இது வெறும் பேப்பர் பெரியம்மா, யாரும் இதை நம்பப் போவதில்லை என்றேன். நம்புவதற்குத்தானே கேட்கிறார்கள் என்றாள். பெரியப்பா கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் எழுந்து போனார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது.

எனக்குக் கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். இத்தனை செஞ்சவளுக்கு ஒரு கையெழுத்துப் போட வலிக்குதா? இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அம்மாவைப் பேசச் சொன்னேன். அவள் சொன்னால் பெரியம்மா கேட்பாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் எந்த வாயால கேப்பேன் சொல்லு. நீ அம்மான்னு முதல்ல கூப்பிட்டது அவளை. ஞாயித்துக்கிழமை வந்து தூக்கினா என்கிட்ட அழுவ. இப்ப நான் போய், இவ என் பொண்ணுதான், உன் பொண்ணு இல்லைன்னு எழுதிக் குடுன்னு கேக்கணுமா?"

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக இரண்டு பேரும் ஒரே வீட்டில் இதைச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

விசா கிடைக்காவிட்டால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான். எனக்குப் போக வேண்டும். ரொம்பப் போக வேண்டும்.

மே 2, சனி

அண்ணனுக்குப் போன் செய்தேன். மாதிரியைப் படித்துக் காட்டினேன். வழக்கமாக நான் பாதி சொல்வதற்குள் கிண்டல் வந்துவிடும். இன்று ஒன்றும் வரவில்லை. பின்னால் லிஃப்ட் கதவு மூடித் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி, அனுப்பறேன்" என்றான். வைத்துவிட்டான்.

கோபமா? வருத்தமா? தினமும் மனிதர்களின் காதைச் சோதிக்கிறேன், இதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மே 7, வியாழன்

காலையில் ஒரு பாட்டியம்மா காதுக்குள் அச்சு எடுக்கும் பசையை வைத்துக்கொண்டிருக்கும்போது டைக்காரரிடமிருந்து போன் மேல் போன். பசை இறுகும்வரை அசையக் கூடாது. அந்த அம்மா அசையவில்லை, நான்தான் நெளிந்தேன். கடைசியில் எடுத்தேன்.

அண்ணனுடைய வாக்குமூலம் மெயிலில் வந்திருக்கிறது. எல்லாம் சரி, எழுத்துப் பிழைகூட இல்லை. "ஆனா கையெழுத்துக்குக் கீழ தமிழ்ல ஏதோ எழுதியிருக்காரும்மா. வாடகைன்னு போட்டிருக்கு. உங்களுக்குள்ள வீட்டு வாடகை எதுவும் பாக்கியா?"

அவர் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். "மேற்படி பெண் என் சகோதரி அல்ல." கையெழுத்து. அதற்குக் கீழே, பள்ளிக்கூட நாளில் எழுதிய அதே கோணல் எழுத்தில்:

இப்படிக்கு, வாடகை அண்ணன்.

அந்த அம்மா காதில் பசையோடு, ஏன் கண்ணு அழுவுற, காது அவ்வளவு மோசமா என்று கேட்டார். உங்கள் காது நன்றாக இருக்கிறது பாட்டி என்றேன். ஒரு காதில் பசை, இன்னொன்று மந்தம். பாவம், அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

மாலை பெரியம்மாவிடம் போனை நீட்டினேன். பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் வந்தது. "எழுதறதையும் எழுதிட்டு, திமிரைப் பாரு அவனுக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்த டைக்காரன் சனிக்கிழமை இருப்பானா என்று கேட்டாள்.

மே 9, சனி

அண்ணன் கிண்டல் இல்லாத பிரதி ஒன்று அனுப்பிவிட்டான். பெரியம்மாவை ஏஜென்ட் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கூப்பிடாமலே அம்மாவும் கிளம்பி வந்தாள். இரண்டு பேரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள்.

டைக்காரர் பேனாவை நீட்டினார். பெரியம்மா வாங்கவில்லை.

"தம்பி, இதுல பொய் இருக்கு. பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

எது பொய் என்று அவர் கேட்டார். மகள் அல்ல என்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இவளை நான் பெக்கல. அது நெசம். பெக்கலைன்னு எழுது, போடறேன். பெத்தது இதோ உக்காந்திருக்கா, அவளையும் எழுதிக்க."

டைக்காரர் டையைத் தளர்த்தினார். அதை அவர் தளர்த்தி நான் பார்த்ததே இல்லை. இங்கிலீஷில் அதை எப்படிப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தட்டினார்: இந்தப் பெண்ணை நான் பெறவில்லை. பெற்றவர் என் கணவருடைய தம்பியின் மனைவி. வளர்த்தது நான். என் மகனும் இவளும் ஒரே வீட்டில் வளர்ந்ததால் அண்ணன், தங்கை என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெரியம்மா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் அம்மா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "நீ எதுக்குடி அதைத் தூக்கற?" "இருக்கட்டும்க்கா." வீடு வரும்வரை அம்மாதான் தூக்கி வந்தாள். பையில் ஒரு தண்ணீர் பாட்டில்தான் இருந்தது.

ஜூன் 11, வியாழன்

மறுபடி அதே கண்ணாடி, வேறு அதிகாரி. ஒரு பெண். எல்லாத் தாள்களையும் பொறுமையாகப் படித்தார். அண்ணனுடைய வாக்குமூலத்தைக் காட்டி, இவர் யார் என்றார். கசின் என்றேன். கேள்வியை முழுசாகக் கேட்டு, புரிந்துகொண்டு, பிறகு அமுக்கினேன்.

பெரியம்மா எழுதியதில் கொஞ்சம் நின்றார். இப்படி யாரும் எழுதிப் பார்த்ததில்லையே, என் மகள் இல்லை என்று எழுதியிருக்கலாமே என்றார்.

"அப்படி எழுதினா பொய்யாயிடும்னாங்க மேடம்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். சொன்னதும் பயமாகிவிட்டது, மறுபடி குட்டையைக் குழப்பிவிட்டேனோ என்று. அவர் ஏதோ தட்டினார். போகலாம் என்றார்.

ஜூன் 26, வெள்ளி

வந்துவிட்டது. படிக்கட்டு நடுவில் நின்று கத்தினேன்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

நாளைக்கு விமானம். பெட்டியை அம்மா அடுக்க, பெரியம்மா வெளியே எடுத்து மறுபடி அடுக்க, அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பேரும் பெட்டி மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தார்கள். எனக்கு இவர்களை விட்டுவிட்டுப் போக மனசே இல்லை. போகாமலிருக்கவும் மனசில்லை.

செப்டம்பர் 2, புதன்

அண்ணன் வீடு ஒரு அறை, ஒரு சமையல் மேடை. திரை கட்டி எனக்குப் பாதி கொடுத்திருக்கிறான். ஜன்னல் இருக்கிற பாதி. அவனுக்கு முன்னால் முடி கொட்டிவிட்டது, அதைத் தவிர எல்லாம் அப்படியே.

விமான நிலையத்தில் யார் அழைத்துப்போக வருகிறார்கள் என்று கேட்டபோதுகூடக் கசின் என்று தெளிவாகச் சொன்னேன். பழகிவிட்டது. பழகியதுதான் கொஞ்சம் உறுத்தியது. அந்த வாக்குமூலம் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்று காலை வீட்டுக்காரம்மா வந்தார். மேல்மாடியில் இருக்கிறார், வாடகைக்கு விடுவதுதான் தொழில். ஒப்பந்தப்படி குடும்பத்தார் தவிர வேறு யாரும் தங்கக் கூடாதாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். தங்கை என்றான் அண்ணன். அந்த அம்மா விடவில்லை. "ஓன் சிஸ்டரா?"

இந்தக் கேள்வி கடல் தாண்டியும் வருகிறதே. கசின் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் அண்ணன் அவர்கள் மொழியிலேயே, கொஞ்சம் ரோஷத்தோடு, பின்ன வாடகைக்கு எடுத்த தங்கச்சியா என்று கேட்டான்.

வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கச்சியை எல்லாம் வாடகைக்கு எடுப்பார்களா என்று நிஜமாகவே கேட்டார். பிறகு எனக்கும் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போனார்.