மூன்றாவது நோட்டு

மார்ச் 11
வாத்தியாரம்மாவின் கிறுக்கலைப் படிக்கத் தனியாக ஒரு கண்ணாடி வேண்டும். முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் நடத்திய என் மனைவி இப்போது புத்தகம் எழுதுகிறாள். தட்டச்சு என் வேலை. இறைவனுக்கு ஐந்து தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். தொழிலுக்கு ஒரு நோட்டு. இரண்டு முடித்துவிட்டேன். ஐந்தாவதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மார்ச் 19
அவளைப் பரிசோதித்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அவளுக்கு இன்னும் நாலு மாதம்தான் என்றார்.
வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்றாள்.
"ரத்தம் கம்மியாம். மாத்திரை மாத்தியிருக்கார்."
பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 20
மூன்றாவது நோட்டு. அட்டையில் கொட்டை எழுத்தில் 'அழித்தல்'. திறக்கக் கை வரவில்லை. அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு நாலாவதை எடுத்தேன்.

மார்ச் 28
"மூணாவது முடிஞ்சுதா?"
"அது எப்பவோ முடிஞ்சாச்சு."
"எப்படி இருந்துது?"
"உன் எழுத்துக்கு என்ன குறைச்சல்!"
ஒரு மாதிரி பார்த்தாள். ஜன்னலைச் சாத்தப் போவதுபோல எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 9
உண்மையை உயிருக்குக் காட்டாமல் இறைவன் மறைத்து வைக்கிறானாம். பக்குவம் வருமுன் தெரிந்தால் தாங்காதாம். அதனால் மறைத்தலும் அருள்தான் என்று எழுதியிருக்கிறாள். எனக்கு நல்ல சாக்கு. ஆனால் அவன் இறைவன். நான் யார்?

மே 30
சொல்லிவிட வேண்டும். இன்று வேண்டாம். இன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஜூன் 22
மகள் வந்திருக்கிறாள். "அம்மாகிட்ட இனியாவது சொல்லிடுங்கப்பா" என்று அழுதாள். நாளைக்கு என்றேன். ஐந்தாவது நோட்டை முடித்து என் மேஜையில் வைத்திருக்கிறாள்.

ஜூலை 6
காலை ஆறே முக்கால். போய்விட்டாள்.

ஜூலை 25
மகள் அலமாரியை ஒழித்தபோது மூன்றாவது நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலில், வாத்தியார் புத்தி, தேதி போட்டு எழுதியிருக்கிறாள்.
"ஏப்ரல் 2. துண்டு எடுக்கும்போது கிடைச்சுது. முடிஞ்சாச்சுன்னு சொல்லிட்டு இதை மட்டும் ஏன் ஒளிச்சீங்கன்னு தோணித்து, உடனே டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். நீங்க சிரிச்ச முகமா இருக்க இவ்வளவு பாடுபடறீங்க. அதைக் கெடுக்க மனசு வரல. இருந்த இடத்துலயே வெச்சுடறேன்."
மூன்று மாதம்! ஒரே வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு. நான் மறைச்சேன், அவளும் மறைச்சா. ஒரு நாள்கூடச் சேர்ந்து அழலையே. என்ன அருள் இது?

ஆகஸ்ட் 3
நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நான் பயந்தது எதுவும் அதில் இல்லை. அழித்தல் என்பது களைத்த உயிருக்குக் கொடுக்கும் ஓய்வாம். 'அவனுடைய தொழில்களில் இதில்தான் தாய்மை அதிகம்' என்று முடித்திருக்கிறாள். மார்ச்சிலேயே படித்திருந்தால் சொல்லத் தைரியம் வந்திருக்குமோ?

ஆகஸ்ட் 11
மூன்றாவதைத் தட்டச்சு செய்து, இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் வைத்து, பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அவள் எழுத்தில் ஒரு புள்ளியும் மாற்றவில்லை. பென்சில் பக்கத்தை மட்டும் தட்டச்சு செய்யவில்லை.
"எப்படி இருந்துது?" என்று கேட்டாளே. இன்று பதில் இருக்கிறது.