சங்கரா வடக்கே போன கட்டுரை

சாந்தோம்
3-5-2024

மரியாதைக்குரிய காவேரி டீச்சரம்மாவுக்கு,

படகுக்கார வேதநாயகம் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், யாரும் கையைப் பிடிக்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் கோயில் சாயங்கால வகுப்பில் ரோஸி சிஸ்டரிடம் படித்தேன். இது என் இரண்டாவது கடிதம். முதல் கடிதம் தெருவிளக்குக்காக மாநகராட்சிக்குப் போட்டது. விளக்கு எரிகிறது! அன்றிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கல்லறைக் கல் எதையும் விடுவதில்லை. என் சம்சாரம் வெரோனிகா, "இன்னாய்யா, போஸ்டரெல்லாம் சத்தம் போட்டுப் படிச்சிக்கினு வர்ற, மானம் போவுது" என்கிறாள்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால் நீங்கள் நோட்டோடு எங்கள் கரையில் இரண்டு வருசம் உட்கார்ந்தீர்கள். "சங்கரா மீன் எங்கே பட்டுது நைனா?" என்று தினம் கேட்டு எழுதினீர்கள். அந்தக் கட்டுரை உலகமெல்லாம் போனதாகச் சொன்னீர்களே, அதைத் தமிழில் அனுப்புங்கள். நானே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேதநாயகம்
(கையெழுத்து. ரேகை இல்லை.)


அடையாறு
14-5-2024

அன்புள்ள நைனா,

உங்கள் கடிதத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கட்டுரையை நானே தமிழாக்கிப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'நன்றி' என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, பாருங்கள்.

ஓர் ஆராய்ச்சியாளர் எழுதும்போது, 'இதை இன்னார் முன்பே கண்டிருக்கிறார்' என்று இன்னொருவர் கட்டுரையை மேற்கோள் காட்டுவார். நம் கட்டுரையை இதுவரை 642 பேர் காட்டியிருக்கிறார்கள். மீன் படித்தவர்கள் மட்டுமல்ல, கடல் சூடாவதைக் கணிப்பவர்கள் (நார்வேக்காரர் ஒருவர் நிறைய எழுதுகிறார்), மீனவர் வருமானம் பற்றி எழுதும் பொருளாதாரக்காரர்கள், உணவுச் சத்தை ஆராயும் மருத்துவர்கள்கூட. என் மற்றக் கட்டுரைகளை எல்லாம் சேர்த்தாலும் ஐம்பதைத் தாண்டாது. ஆகஸ்டில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அந்த 642-ஐ நம்பித்தான் போகிறேன்.

வெரோனிகா அம்மாவுக்கும் உங்கள் மகன் ஜாக்சனுக்கும் என் அன்பு.

உங்கள்,
காவேரி


சாந்தோம்
9-6-2024

டீச்சரம்மாவுக்கு,

கட்டுரையைப் படித்து முடிக்கப் பதினைந்து நாள் ஆனது. என் பெயரை முதலில் படித்தேன். தெருவுக்கே காட்டினேன். சந்தோசம் தாங்கவில்லை.

பிறகு நான்காம் பக்கம் வந்தது. 'முதல் ஆண்டு அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே கிடைத்த சங்கரா, இரண்டாம் ஆண்டு வெகுதூரம் வடக்கே கிடைத்தது. நீர் சூடானதால் மீன் இடம் மாறுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு தரம் படித்தேன். எழுத்து மாறவில்லை.

அம்மா, மீன்பாடு கிடைத்த இடத்தை மீன்பிடிக்கிறவன் யாருக்கும் சொல்ல மாட்டான். கூடப் பிறந்தவனுக்கே சொல்ல மாட்டான். கடலுக்கடியில் கல் கிடக்கிற இடத்தில்தான் சங்கரா நிற்கும். இடம் தெரிந்தால் விசைப்படகு வந்து ஒரே வாரத்தில் வழித்துவிடும். நீங்கள் எடை கேட்டால் உண்மை சொன்னேன். இடம் கேட்டால், கரையில் சொன்னது விசைப்படகுக்காரன் காதுக்குப் போகும் என்று பொய் சொன்னேன். முதல் வருசம் தெற்கே என்றேன். விசைப்படகுக்காரர்கள் தெற்கே போய்த் தேடிப் பார்த்துத் திரும்பினதும், வடக்கே என்று மாற்றினேன். மற்றப் படகுக்காரர்களையும் அப்படியே சொல்ல வைத்தேன். பெண்பிள்ளையைப் படகில் ஏற்றக்கூடாது என்று உங்களைக் கரையிலேயே உட்கார வைத்ததும் நாங்கள்தான். நீங்கள் எங்கே போய்ச் சரிபார்த்திருப்பீர்கள்?

மீன் நகரவில்லை அம்மா. என் பொய்தான் நகர்ந்தது.

இதை எழுதப் பயமாக இருந்தது. "பொய் சொல்ல ஒரு நிமிசம் ஆச்சு, அத்த எழுத ஒரு வாரமா? சீக்கிரம் எழுதித் தொலைய்யா" என்று வெரோனிகா திட்டினாள். எழுதிவிட்டேன்.

வேதநாயகம்


அடையாறு
21-6-2024

திரு. வேதநாயகம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

இந்தக் கட்டுரையை எடுத்துவிட்டால் என்னிடம் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நேர்காணலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இத்தனை வருடம் கழித்து யாருக்கு இதனால் நன்மை? இரண்டு வருடம் வெயிலில் உட்கார்ந்து உங்களை நைனா என்று கூப்பிட்டேன். ஒரு நாளாவது தனியாகக் கூப்பிட்டு, 'எடையை மட்டும் எழுதிக்கோ பாப்பா' என்று சொல்லியிருக்கலாம்.

நீங்கள் இதை எழுதாமலே இருந்திருக்கலாம்.

காவேரி


சாந்தோம்
30-6-2024

டீச்சரம்மாவுக்கு,

கோபம் நியாயம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தப்புதான்.

ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. அந்தப் பொய் விசைப்படகுக்காரனுக்குச் சொன்னது. நடுவில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்குப் பின்னால் 642 பேர் வரிசையாக நிற்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மீன் இன்னும் ஐம்பது வருசத்தில் எங்கே போகும் என்று அவர்கள் என் வாயை நம்பிக் கணித்துக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்த பிறகும் எப்படிச் சும்மா இருப்பேன்?

'நான் சொன்ன இடங்கள் எல்லாம் பொய், எடை மட்டும் மெய், டீச்சரம்மா மேல் தப்பில்லை' என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதைக் கிழிப்பதோ அனுப்புவதோ உங்கள் இஷ்டம். கிழித்தால் மறுபடி எழுதி அனுப்புவேன்.

நிஜமான இடத்தை மட்டும் கேட்காதீர்கள். ஜாக்சன் இன்றைக்கும் அங்கேதான் போகிறான்.

வேதநாயகம்


அடையாறு
6-10-2024

அன்புள்ள நைனா,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள்.

ஜூலை பத்தாம் தேதியே ஆய்விதழுக்கு எழுதினேன், உங்கள் தாளோடு. கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. உங்கள் வாக்குமூலத்தை ஆங்கிலமாக்கி அறிவிப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். நேர்காணலில் ஒருவர், "பதவி வந்த பிறகு இதைச் செய்திருக்கலாமே மேடம்?" என்றார். "அப்போது நீங்கள் என்னையா சார் எடுத்திருப்பீர்கள்? அந்த 642-ஐத்தானே" என்றேன். சிரித்தார். பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு வாரம் வருத்தமாக இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

ஆனால் ஒன்று கேளுங்கள். அறிவிப்பு வந்த பிறகும் மூன்று புதிய கட்டுரைகள் அதையே காட்டியிருக்கின்றன. இப்போது 645! யாரும் அறிவிப்பைப் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். முப்பத்தொரு பேருக்குப் போயிருக்கிறது. இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். விடப்போவதில்லை.

இடத்தைக் கேட்க மாட்டேன்.

உங்கள்,
காவேரி


சாந்தோம்
15-10-2024

அன்புள்ள காவேரி பாப்பாவுக்கு,

நாற்காலி போனது என்னால். அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. எழுத முடியும்.

மீதி 614 பேரின் விலாசத்தையும் அனுப்பு. நீ இங்கிலீஷில் எழுது, நான் தமிழில் எழுதுகிறேன். ஒரே உறையில் போகட்டும். சொன்னவனே எழுதினால் ஒருவேளை பிரித்துப் பார்ப்பார்கள். நார்வேக்காரர் ஒருவர் நிறைய எழுதுவதாக முன்பு சொன்னாயே, அவருக்கு இப்போதே எழுதி வைத்துவிட்டேன்:

'ஐயா, நீங்கள் நம்பியது என் சொல்லை. அது பொய். உங்கள் கட்டுரையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். அடித்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். வேதநாயகம், சாந்தோம், சென்னை.'

"நார்வேயில எவன்யா தமிழ் படிப்பான்?" என்கிறாள் வெரோனிகா. கற்றுக்கொள்ளட்டும். நான் இந்த வயதில் கற்கவில்லையா?

வேதநாயகம்