தண்ணி வந்துருச்சு

ஜூன் 14, 2005. இரவு.

நினைவில்லாமல் கிடப்பவருக்குக் காது கேட்குமா? எனக்குத் தெரியவில்லை. பக்கவாதம் வந்து ஐந்து நாளாக என் கணவர் கண் திறக்கவில்லை. இது உறக்கமல்ல என்கிறார் டாக்டர். இன்று சுருளிப்பட்டியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நாத்தனார் அவர் காதருகே குனிந்தாள். "அண்ணே, வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. எந்திரிங்க, மடை திறக்கணும்." எந்த உறக்கத்திலும் அவரை எழுப்பிவிடும் சொல் அது. சுட்டுவிரல் அசைந்தது.

"பாத்தீகளா மதினி? அண்ணன் உறங்கத்தான் செய்றாக!"

வெறும் தசைத்துடிப்பு என்றேன்.

"படிச்சவுக எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்கீக," என்று அழுதாள்.

15, மாலை.

அறையில் யாரும் இல்லாதபோது நானும் அவர் காதருகே குனிந்து, "தண்ணி வந்துருச்சு" என்றேன். விரல் அசையவில்லை. அணையில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. இருந்தும், கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னேன்.