பேச்சி கொண்டுவந்த ஆதாரம்

மறையூர்
12.8.1974

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம். அப்பாவின் இருமல் தணிந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வகுப்பில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. வீரன் யார் என்று எழுதச் சொன்னேன். கொதிக்கும் வெல்லக் கொப்பரையில் விழுந்தவரை இரண்டு கையாலும் தூக்கிய தன் அப்பாதான் வீரன் என்று பேச்சி எழுதினாள். அபிப்பிராயம் போதாது, ஆதாரம் எங்கே என்று பூஜ்யம் போட்டேன். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

மறுநாள் அப்பாவையே கூட்டிவந்தாள். அவர் இரண்டு கையிலும் துணிக்கட்டு. அவளே ஒன்றை அவிழ்த்தாள். துணியோடு தோலும் வந்தது.

"போதுமா சார்? அடுத்த கையையும் அவுக்கவா?"

பத்துக்குப் பத்து போட்டு நோட்டை அவரிடம் நீட்டினேன். அவரால் வாங்க முடியவில்லை.

தீப்புண் களிம்பும் பழைய மல்வேட்டி ஒன்றும் அனுப்புங்கள். அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். தபால் கொண்டுபோகும் பஸ் கிளம்புகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அனந்து