கழுத்துவரை பொத்தான் போட்ட உன் அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, மாடிப்படியில் குடியேறிவிட்ட பூனை உட்பட இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம்தான் போன வாரம் ஃபோனில் பாதி வந்து பாதி வராமல் நின்றுவிட்டது. அக்கா வந்து போனாள், அவள் மகளுக்கு முன்பல் விழுந்து, சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அப்பா தானே பிரித்துப் போட்டார், சொட்டிய குழாய் இப்போது ஊற்றுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு மார்ல கட்டி மாதிரி இருக்காம்மா, ஆம்பளைக்கு அதெல்லாம் வருமா" என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் டவர் இல்லை என்று வைத்துவிட்டாய். பொய் சொல்லும்போது உனக்கு மூக்கு அடைத்த குரல் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அதனால் அந்த நண்பன் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அப்பா பேக்கரியிலிருந்து வந்ததும் சொன்னேன். சட்டையில் மாவோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தவர், "என் கதைய அவனுக்குச் சொல்லிடு, எனக்கு வெக்கமில்ல" என்றார். உன் அக்காவுக்குக்கூட நாங்கள் சொல்லாத கதை அது.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. அப்பா வேலை பார்த்த பேக்கரிக்கு மேலேயே ஒற்றை அறையில் குடித்தனம். கீழே ரொட்டி அடுப்பு எரிவதால் எங்கள் தரை எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும், தலையணை முதல் என் தலைமுடி வரை ரொட்டி வாசம்தான், இப்போதும் ஏதாவது கடையைத் தாண்டும்போது அந்த வாசம் வந்தால் எனக்கு இருபத்தோரு வயதாகிவிடுகிறது. ஜன்னலைத் திறந்தால் பின்புற முற்றம் தெரியும். அடுப்புச் சூடு தாங்காமல் வேலைக்காரர்கள் எல்லோரும் வெற்றுடம்போடு அங்கே வந்து காற்று வாங்குவார்கள். உன் அப்பா மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு வியர்வையில் தொப்பலாக நிற்பார். தலைமை மாஸ்டர் அவருக்கு 'ஆபீசர்' என்று பேர் வைத்து, "ஆபீசர் சார், மீட்டிங் முடிஞ்சுதா?" என்று கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வீட்டிலும் அதே கதைதான். குளித்துவிட்டுச் சட்டையோடுதான் வெளியே வருவார், சட்டையோடுதான் படுப்பார், நான் கிட்டே போனால் தோளைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, யாரோ வற்புறுத்திக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு செய்து, அம்மா வீட்டுக்குப் போக ஒரு பெட்டியைக்கூட அடுக்கி வைத்துவிட்டேன்.

அப்படியிருக்க ஒரு மத்தியானம் மைதா மூட்டையை மார்போடு அணைத்து இறக்கியவர், திடீரென்று அதைக் கீழே போட்டுவிட்டு இடப்பக்க மாரைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். மூட்டை வெடித்து முற்றம் முழுக்க வெள்ளை, எல்லோரும் சிரிக்கிறார்கள், நான் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன். அறைக்குக் கூட்டி வந்து நெஞ்சு வலியா என்றால் இல்லை என்கிறார், சட்டையைக் கழற்றுங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். "என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் போயிடுறேன்" என்று அழுதுவிட்டேன். அதற்குப் பிறகுதான் மாவு அப்பிய விரல்களால் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். இடது முலைக்காம்புக்குப் பின்னால் கோலிக்குண்டு போல ஒரு கட்டி, வலப்பக்கமும் லேசாகப் புடைத்திருந்தது. "எனக்கு என்னமோ ஆயிட்டு வருது. ஒண்ணு செத்துடுவேன், இல்ல பொம்பளையா மாறிடுவேன். உன்கிட்ட எப்படிச் சொல்வேன்?" என்றார். எனக்கும் பயம்தான், ஆனால் என் மேல் வெறுப்பில்லை என்று தெரிந்ததில் சிரிப்பும் வந்துவிட்டது. "இதுக்கா நான் பெட்டியைக் கட்டினேன்?" என்றேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனேன். கடைத்தெருவில் மாடியில் இருந்தது அந்த கிளினிக். பலகையில் பெண் பெயரைப் பார்த்ததும் பாதிப் படியில் திரும்பினார். சட்டை நுனியைப் பிடித்து, "நானும் லேடிதான், எனக்குக் காட்டலையா?" என்றேன். அந்த டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். காலில் சுளுக்கு என்று வந்தவரைப் பார்ப்பதுபோல சாதாரணமாகத்தான் பார்த்தார். எப்போதிலிருந்து, வலி உண்டா, நீர் ஏதும் கசிகிறதா, வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டு, அக்குளையும் அமுக்கிப் பார்த்தார். "கீழேயும் பாக்கணும் தம்பி, விதையில ஏதாவது இருந்தாலும் மார் வீங்கும்" என்றதும் உன் அப்பா காப்பாற்று என்பதுபோல என்னைப் பார்த்தார், நான் சுவரில் காலண்டரை உற்றுப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றதற்கு இல்லவே இல்லை என்றார். "தினமும் ஒண்ணு முழுங்குறீங்களே" என்று நான்தான் சொன்னேன். கண்ட நேரத்தில் சாப்பிட்டு வந்த நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடைக்காரர் எப்போதோ கொடுத்தது, அப்பா அதையே மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டிருந்தார். டாக்டர் அதன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆண்களுக்கும் மாரில் கொஞ்சம் சதை உண்டாம், ஹார்மோன் ஏறி இறங்கினாலோ, சில மருந்தாலோ அது வீங்குமாம், வயசுப் பையன்கள் நிறையப் பேருக்கு வருமாம், வெளியே சொல்வதில்லையாம். "பெரும்பாலும் பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அதை நான் பாத்துட்டுச் சொல்லணும், நீங்களா சொல்லிக்கக் கூடாது" என்று ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள் எனக்கு இப்போதும் அப்படியே நினைவிருக்கின்றன. வேலை முடிந்து ஓரம் கருகிய ரொட்டியை எடுத்து வருவார், மாடிப்படியில் உட்கார்ந்து டீயில் தோய்த்துத் தின்போம், பள்ளிக்கூடத்தில் அவரைக் கேலி செய்ததிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது கால் மரத்துப்போனது வரை அத்தனையும் சொன்னார். எனக்குக் கல்யாணம் நடந்தது அந்தப் படியில்தான் என்று வைத்துக்கொள். முடிவு வந்தபோது, கெட்டது ஒன்றுமில்லை, அந்த மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. டாக்டர் அதை நிறுத்தி வேறு கொடுத்தார். முதலில் வலி போனது, பிறகு மெல்ல மெல்லக் கட்டி கரைந்தது. ஒரு காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், முற்றத்தில் நாலு பேருக்கு நடுவே வெற்றுடம்போடு நிற்கிறார் உன் அப்பா. "ஆபீசர் ரிட்டயர் ஆயிட்டாருடோய்!" என்று மாஸ்டர் கத்துகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

கண்ணா, அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்பதால் உனக்கும் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. காரணம் ஆளுக்கு ஆள் வேறு, டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கல் போல இருந்தாலோ, வளர்ந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ, நீரோ ரத்தமோ கசிந்தாலோ, விதையில் கட்டியோ வலியோ தெரிந்தாலோ தள்ளிப்போடவே கூடாது. நீ அனுப்பிய போட்டோவில் உன் அலமாரி மேல் ஒரு பெரிய டப்பா பார்த்தேன், உடம்பு ஏற்றும் பவுடராக இருந்தால் அதையும், ஊசி மாத்திரை ஏதும் போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதே, என்னிடம் திட்டு கிடையாது. சும்மா சும்மா அமுக்கிப் பார்க்காதே, ஃபோனில் தேடித் தேடி மிரளாதே.

உடம்பும் மனமும் தெளிந்து நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் இல்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அறையைக் கொஞ்சம் கூட்டி, பாயோ போர்வையோ கூடுதலாக ஒன்று எடுத்து வை. அப்பா லீவு சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் கிளம்புகிறார். ஃபோனில் சொன்னால் வேண்டாம் என்பாய், அதனால்தான் எழுதச் சொன்னார். நீ இதைப் படிக்கும்போது அவர் பாதி வழி வந்திருப்பார். டாக்டர் அறைக்குள் வரவேண்டுமா, வெளியே உட்கார வேண்டுமா என்பதை மட்டும் நீ சொன்னால் போதுமாம்.

முத்தங்களுடன்,
உன் அம்மா